யார் போடு சொன்னது?

மூக்குக்கண்ணாடியைத் தங்கராசு கழற்றி வாங்கிப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார், கைபேசியை வாங்கி அதற்குப் பக்கத்தில் வைத்தார், வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டார், அவ்வளவுதான், பூவராகனுக்குக் கண்ணும் போயிற்று, கையும் போயிற்று. எதிரே நிலைக்கண்ணாடியில் மங்கலாக ஒரு வெள்ளைக் கூடாரம், அதன் உச்சியில் ஒரு கறுப்புப் புதர். பதினாறு வருஷம் டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழுத ஆள், மூன்று மாதமாக மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடவாக்கம் சலூனில் கூடாரமாகிக் கிடக்கிறான், அங்கே பெருங்குடியில் அவனுடைய டீம் அவன் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவனுடைய டீம் என்று நினைக்கும்போதே ஒரு பெருமையும் ஒரு திருட்டு முழியும் இப்போதெல்லாம் சேர்ந்தே வருகின்றன. துணிக்கடியில் வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, என்டர், என்டர், இந்த விரலுக்கு மட்டும் பதவி உயர்வு வந்த சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு பார்சல் கம்பெனி, ஊர் ஊருக்குக் கவுண்டர், புக்கிங் கணக்கு முழுவதும் பழைய சர்வரில் இருக்கிறது, இன்று அதைப் புதிய சர்வருக்கு மாற்றுகிறார்கள், மாற்றி முடிக்கிற வரைக்கும் எந்தக் கவுண்டரிலும் ஒரு ரசீது அடிக்க முடியாது, மூட்டைகள் தரையில், லாரிகள் ஓரத்தில். இந்த மாதிரி மாற்றல்களை அவன் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறான். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் செய்வது ஜெசிந்தா.

கொஞ்சம் குனிங்க சார், என்று தங்கராசு பின்தலையைப் பிடித்து அழுத்த, மோவாய் நெஞ்சில் முட்டியது. ஜெசிந்தாவும் இப்படித்தான், பேச்சு வைத்துக்கொள்ளாமல் ஒரே அழுத்து. எட்டு வருஷம் பக்கத்து மேஜை, தூத்துக்குடிக்காரி, மதியச் சாப்பாட்டில் மீன் கொண்டு வந்தால் ஒரு துண்டு அவனுக்கு என்று தனியாக வைப்பாள், இப்போது அவனுடைய பழைய வேலை அவளுடையது. அவர்கள் டீமில் ஒரு வழக்கம். லைவ் சர்வரில் யாரும் தனியாக என்டர் தட்டக் கூடாது. ஒருத்தர் கட்டளையை டைப் செய்து, கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, வாய்விட்டுப் படிக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் திரையைப் பார்த்துவிட்டு 'போடு' என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் என்டர். ஏதாவது கவிழ்ந்தால் டைப் செய்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், 'யார் போடு சொன்னது?' என்றுதான் கேட்பார்கள், சொன்னவர் 'நான்தான்' என்று கையைத் தூக்க வேண்டும், மறுநாள் டீயும் பஜ்ஜியும் அவர் தலையில். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்து, தோசை இன்னொன்று ஊற்றட்டுமா என்று வனஜா கேட்டாலும் அவன் வாயில் போடு என்றுதான் வரும், அவளும் அது மரியாதைக் குறைவு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். போன மாதம் ஒரு சின்ன மாற்றல், ஜெசிந்தா டைப் செய்கிறாள், அவன் பின்னால் நிற்கிறான், அவள் மெதுவாக அடிக்கிறாள், படிக்கிறாள், யோசிக்கிறாள், அவனுக்கோ உள்ளங்கையில் அரிப்பு, எப்போது குனிந்தான், எப்போது கீபோர்டை இழுத்தான் என்று இன்று வரை தெரியாது, போடு சொல்ல ஆள்கூட இல்லாமல் அவனே தட்டி அவனே முடித்தும் விட்டான். நிமிர்ந்து பார்த்தால் ஜெசிந்தா எழுந்து நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட மாதிரி. அன்று சாயங்காலம் டீக்கடையில் அவள் குரலை உயர்த்தவே இல்லை. பூவா, இன்னொரு தடவை என் கீபோர்டத் தொட்டீங்கன்னா நான் வேற டீம் கேட்டுப் போயிருவேன். கோவத்துல சொல்லல, யோசிச்சிட்டுதான் சொல்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னால் அது நடந்துவிடும். வெள்ளிக்கிழமை, அதே குரலில், ஞாயித்துக்கிழமை நீங்க போன்லகூட வர வேண்டாம், எங்கயாவது போங்க, தலை காடா கெடக்கு, போய் முடி வெட்டிக்கோங்க, என்றாள். மேனேஜருக்கு யார் யாரோ வேலை கொடுக்கிறார்கள்.

சத்தம் இல்லாத கத்திரி இந்தக் கடையில் கிடையாது, சரக் சரக் என்று காதுக்குப் பக்கத்திலேயே பேசிக்கொண்டு போகிறது, நடுவில் கைபேசி ஒரு முறை உறுமியது, திரை மின்னியது, குரூப்பில் ஏதோ வந்திருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. ஒரே வரி என்றால் நல்ல சேதி, நிறைய வரி என்றால் கெட்ட சேதி, இந்த மங்கலில் ஒரே வரி மாதிரியும் இருக்கிறது, கரப்பான்பூச்சி மாதிரியும் இருக்கிறது. அடடா, அந்த ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட். பழைய சர்வரில் ஒரு வாரக் கணக்கு ரிப்போர்ட் இருக்கிறது, ஞாயிறு முற்பகலில் தானாகக் கிளம்பும், கிளம்பினால் புக்கிங் டேபிள் என்கிற கணக்கு அட்டவணையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும், அது பிடித்திருக்கும்போது மாற்றல் ஒரு அங்குலம் நகராது. அவன் எப்போதும் ஒரே வரியில் அதன் கழுத்தைத் திருகிவிட்டு வேலையைப் பார்ப்பான். ஜெசிந்தாவிடம் சொன்னானா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. எங்கே சொன்னான், லிப்டிலா, சாப்பாட்டு நேரத்திலா, அன்று வாளைக்கருவாடு, கருவாடு ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை. பதினாறு வருஷம் ஒருத்தன் தலைக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்திருந்தால் இப்படித்தான், மண்டைக்குள் இருப்பதை மற்றவர்களுக்கு மாற்ற எந்த சர்வரும் கிடையாது. ஒரு வரி அனுப்பினால் போதும், ரிப்போர்ட்டை நிறுத்து, அவ்வளவுதான், அதுவா கீபோர்டைத் தொடுவது, ஒரு வரி, அக்கறையில் ஒரு வரி. கை துணிக்கடியில் அசைந்தது, துணி கூடாரமாகவே எழும்பியது, என்ன சார், அரிக்குதா, என்று தங்கராசு பிரஷ்ஷால் கழுத்தைத் தட்டிவிட்டார். அவளுக்கு அந்த ஒரு வரி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு ஒருத்தன் நிற்கிற மாதிரி இருக்கும், அவள் எழுந்து கையைக் கட்டிக்கொள்வாள். கை மடியில் படுத்தது.

சரி, இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், துணிக்கடியில் யார் பார்க்கப்போகிறார்கள். கவிழட்டும் என்று ஒரு மூலை நினைக்கிறது. பெரிதாக வேண்டாம், சும்மா ஒரு அரை மணி நேரக் கவிழல், ஜெசிந்தா கூப்பிட வேண்டும், பூவா, வாங்க என்று ஒரு குரல், அவன் பாதித் தலையோடு ஓட வேண்டும், ஒரே வரி, என்டர், எல்லாம் ஓடத் தொடங்கும், டீமில் சின்னவன் காதர் 'அண்ணா அண்ணாதான்' என்று சொல்ல வேண்டும். கவிழாமல் நன்றாக நடந்துவிட்டால்? அப்படியென்றால் பதினாறு வருஷமாக அவன் அங்கே என்ன செய்தான், இப்போது மட்டும் எதற்குச் சம்பளம். மேனேஜர் ஆன மறுநாளே லைவ் சர்வர் அவனை உள்ளே விடவில்லை, உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி, தானே கட்டிய வீட்டில் பூட்டை மாற்றிவிட்ட மாதிரி, அதை வேடிக்கையாக வனஜாவிடம் சொன்னான், அவள் சிரிக்காமல் ரசத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். இப்போது அவன் நாள் எல்லாம் லீவு ஒப்புதல், யார் யாரோடு பேசுவதில்லை, நாற்காலி போதவில்லை, ஏசி அதிகம், ஏசி கம்மி. பத்து மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என்ன செய்தாய் என்று கேட்க ஆள் இல்லாதது ஒன்றுதான் நிம்மதி, கேட்டால் பதில் கிடையாது. புது மேனேஜர்களுக்குப் பயிற்சி என்று கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார், மேனேஜர் கையால் வேலை செய்வதில்லை, காதால் செய்கிறார், எங்கே பார்த்தாலும் ஒரு பாடம் இருக்கும், தேடுங்கள். அன்று சாயங்காலம் முழுக்க எல்லோரும் ஓட்டல் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பாடம் தேடினார்கள். காதால் வேலை செய்கிறவனின் காதைத் தங்கராசு இப்போது இரண்டு விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

பாடம் இருக்கிறதோ என்று அவன் தங்கராசுவையும் பார்த்தான். கடைக்கு ஆள் வைக்கலையா, நீங்க ஒருத்தரே பாக்கறீங்க, என்று கேட்டான், ஆள் வைத்து வேலை வாங்குவதைப் பற்றி இவர் ஏதாவது சொல்வார் என்று. ஆளா, வெச்சேன் சார், வெட்டினவங்க எல்லாம் திரும்ப என்கிட்டயே வந்து சரி பண்ணச் சொன்னாங்க, அனுப்பிட்டேன், நமக்கு நம்ம கைதான், என்றார் தங்கராசு. பாடம் தலைகீழாகக் கிடைத்தது. அதை அந்த அம்மாவுக்கு அனுப்பலாம். பின்னால் பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒருவர் ஒரே பேப்பரை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார், இந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் அவசரப்படுவதில்லை, உட்கார்ந்திருப்பதே ஒரு வேலையாகச் செய்கிறார்கள். எண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை, மின்விசிறி இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முனகியது, கழுத்தில் தண்ணீர் தெளித்தபோது உடம்பு சிலிர்த்து, ஒரு கணம், நம்பவே முடியவில்லை, சுகமாக இருந்தது. சர்வர் இல்லை, யாரும் இல்லை. உடனே வந்துவிட்டது அது, ரிப்போர்ட், ரிப்போர்ட், சொன்னேனா, வாளைக்கருவாடு, லிப்ட். அந்த நேரத்தில்தான் கைபேசி நீளமாக உறுமத் தொடங்கியது, பவுடர் டப்பாவோடு சேர்ந்து ஆடியது, தங்கராசு எட்டிப் பார்த்து, பொன்னுச்சாமின்னு போட்டிருக்கு சார், என்றார்.

பொன்னுச்சாமி பார்சல் கம்பெனிக்காரர், ஈரோட்டில் இருக்கிறார், கவுண்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பச்சைய அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்க, என்றான் பூவராகன். சலூன் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க பூவராகன், என்னங்க நடக்குது அங்க? மஞ்ச மூட்ட அத்தனையும் வாசல்ல நிக்குது. அந்தப் புள்ளையக் கூப்பிட்டுக் கேட்டேன், காத்துக்கிட்டு இருக்கறோம் சார்ங்குது. காத்துக்கிட்டு இருக்கறதுக்கு நாங்களே போதுமுங்களே, அதுக்கு எதுக்குங்க ஒரு கம்பெனி?"

"பேசிட்டுச் சொல்றேன் சார்."

"பேச வேண்டாமுங்க. நீங்க இருந்தா இந்நேரம் சட்டுனு முடிச்சிருப்பீங்க. நீங்களே உள்ள போயி ஒரு கை பாருங்க. அந்தப் புள்ள ரொம்ப மெதுவுங்க."

வந்துவிட்டது. மூன்று மாதமாக அவன் காது ஏங்கிக்கிடந்த வாக்கியம், நீங்க இருந்தா, ஸ்பீக்கரில், நாலு பேர் கேட்க. நெஞ்சில் ஏதோ பொங்கியது, ஒத்துக்கொள்கிறான், பொங்கியது. காத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்றால் ரிப்போர்ட்தான், வேறு எதுவும் இல்லை, உடும்பு பிடித்துக்கொண்டது, அவர்கள் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வீடு அடுத்த தெரு, லேப்டாப் மேஜையில், அனுமதி இல்லாவிட்டால் என்ன, காதரைக் கூப்பிட்டு நான் சொல்றத டைப் பண்ணு என்றால் காதர் பண்ணுவான், வாடிக்கையாளரே சொல்லிவிட்டார், இதைவிட நல்ல சாக்கு எந்த ஜென்மத்தில் கிடைக்கும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஜெசிந்தாகூடச் சொல்ல மாட்டாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து நிற்பாள். எழுந்து நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு, அந்த முகம், கோபம்கூட இல்லாத அந்த முகம். காத்துக்கிட்டு இருக்கோம் என்றாளாம். தெரியாதவள் 'பார்க்கிறோம் சார்' என்பாள், 'இப்ப முடிஞ்சிரும் சார்' என்பாள், எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா, ஜெசிந்தா காத்திருக்கிறேன் என்று சொன்னால் எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்துதான் சொல்வாள்.

"சார்," என்றான். குரல் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அவங்க காத்திருக்காங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கும். மெதுவா பண்ணுவாங்கன்னு தெரிஞ்சுதான் குடுத்திருக்கேன். இப்ப நான் உள்ள போனா அவங்களுக்கு ரெண்டு வேலை சார். சர்வரையும் பாக்கணும், என்னையும் பாக்கணும்."

"அப்ப நீங்க எங்க இருக்கறீங்க?"

பொய் சொல்ல அவகாசம் இல்லை, தவிர தங்கராசு அதே நேரத்தில் கத்திரியைத் தட்டினார். "சலூன்ல சார். முடி வெட்டிக்கிட்டிருக்கேன்."

போச்சு, என்று நினைத்தான், இனி இவர் எனக்கு மேலே இருக்கிறவரிடம் பேசுவார், அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசுவார். பெஞ்சில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஈரோட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, முதலில் மூக்கில், பிறகு வாயில். "மேனேசரே முடி வெட்டப் போயிட்டாருன்னா பெரிய பிரச்சின ஒண்ணும் இல்லையாட்ட இருக்குதுங்க. நாங்கூட பயந்துபோட்டனுங்க."

"ஒண்ணும் இல்ல சார். எதுன்னாலும் என்னையக் கூப்பிடுங்க, எத்தன தடவ வேணாலும் கூப்பிடுங்க. அவங்களை மட்டும் விட்டுருங்க."

கூப்பிடுங்கள் என்று சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார், போனை வைக்கவே இல்லை. மஞ்சள் விலையைச் சொன்னார், டிரைவர்கள் சாப்பிடப் போய்விட்டதைச் சொன்னார், அவருடைய ஊர் சலூனில் இப்போது ஏசி போட்டிருப்பதைச் சொன்னார், பூவராகன் ஆமாங்க சார், அப்படிங்களா சார், என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் பெருங்குடிக்கும் மேடவாக்கத்துக்கும் நடந்துகொண்டிருந்தான், பொறுப்பை ஏற்றாயிற்று, கவிழ்ந்தால் முழுசாக என் தலைதான், ஜெசிந்தா, எதற்குக் காத்திருக்கிறாயோ அது சீக்கிரம் வரட்டும். சார், மெஷின் ஒண்ணாம் நம்பர் போட்டுரட்டுமா, என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. போடு, என்றான். முழுசாவா சார், சைடு மட்டுமா, என்று அந்தக் குரல் சந்தேகமாகத் திரும்பக் கேட்டது, பொன்னுச்சாமி அப்போது கரூர் கிளையைப் பற்றி முக்கியமாக ஏதோ ஆரம்பித்திருந்தார். போடு, போடு, என்றான். தலைக்கு மேல் ஒரு வண்டு ரீங்காரமிட்டது, நெற்றியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து பிடரிக்கு, குளுகுளுவென்று இருந்தது.

போன் நின்று, துணி அவிழ்ந்து, கை வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது நிலைக்கண்ணாடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காதுகள் இரண்டும் பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தன, நடுவில் தலை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. நான் ரெண்டு தடவ கேட்டேன் சார், என்றார் தங்கராசு, குரலில் பயம் இருந்தது. பேப்பர்க்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, வெயிலுக்கு நல்லதுதான், என்றார். பூவராகன் தலையைத் தடவினான், உள்ளங்கையில் குறுகுறுத்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை, மாறாகச் சிரிப்புதான் எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருந்தது. உங்க மேல தப்பில்ல, என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்து குரூப்பைத் திறந்தான், கரப்பான்பூச்சிகள் எழுத்தாகின.

சண்டே ரிப்போர்ட் ஓடுது, டேபிளப் பிடிச்சிட்டிருக்கு, என்று காதர் எழுதியிருந்தான், கொன்னுரட்டுமா? வேண்டாம், என்று ஜெசிந்தா. பூவா எப்பவும் கொன்னுருவார். பாதியில நின்ன கணக்க மண்டே நான்தான் உக்காந்து ஒட்டுவேன், அவருக்கே தெரியாது. முடியட்டும், காத்திருப்போம். பூவராகன் அதை இரண்டாம் முறை படித்தான். எட்டு வருஷத் திங்கட்கிழமைகள், பக்கத்து மேஜையில் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ செய்துகொண்டிருப்பாள், என்ன ஜெசி இவ்வளவு மெதுவா, என்று அவன் போகிற போக்கில் கேட்டிருக்கிறான், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. முகம் சூடாயிற்று, முடி இல்லாததால் அந்தச் சூடு உச்சி வரைக்கும் போயிற்று. அதற்கும் கீழே, ஈரோட்டுக்காரர் ஒரு தடவைதான் கூப்பிட்டார், அப்புறம் ஆளையே காணோமே, என்று காதர். அதான் எனக்கும் புரியல, யாரோ வாசல்ல நின்னு பிடிச்சு வெச்சிருக்காங்க, என்று அவள். அதற்கும் கீழே ஒரே சொல், முடிஞ்சுது. நான்தான் என்று டைப் செய்தான். அழித்தான். அதற்குள் வீடியோவில் ஜெசிந்தா வந்துவிட்டாள், எடுக்காமல் விட்டால் வேறு அர்த்தம் ஆகிவிடும், எடுத்தான்.

"பூவா, எல்லாம் ஓடுது, ஈரோட்டுல மொதல் ரசீது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். திரைக்கு மிக அருகில் வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காதர், இங்க வா, சீக்கிரம் வா, இதப் பாரு."

காதர் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை, லைவ் சர்வர் கவிழ்ந்தால் வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டான்.

"யாருண்ணா போடு சொன்னது?"

பூவராகன் கையைத் தூக்கினான். "நான்தான்."

"அப்ப நாளைக்கு டீயும் பஜ்ஜியும் அண்ணன் தலையில," என்றான் காதர், "தலை இருந்தா."

ஜெசிந்தா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூவா, அடுத்த மாசம் சேலத்துக் கம்பெனி சர்வர மாத்தணும். அன்னைக்கும் நீங்க எங்கயாவது போயிருங்க."

"எங்க போறது? முடி இல்லையே."

"அதுக்குள்ள வளந்துரும்," என்றாள் அவள்.

அடுத்த மாசம் என்றாள், வேறு டீம் என்று சொல்லவில்லை. யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். பூவராகனுக்கு அந்தச் சலூன் நாற்காலியில் அப்படியே ஒரு சுற்று சுற்ற வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம், பெஞ்சில் ஆட்கள் காத்திருந்ததால் எழுந்துகொண்டான். வெளியே வெயில் நேராகத் தலையில் விழுந்தது, வனஜாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தலையைத் தடவியபடி நடந்தான்.